குடல் ஆபரேஷனும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்: எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறார்கள்

"இப்போது பணத்தைக் கட்டுங்கள், அப்புறம் காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாம்" என்று மருத்துவமனைக் கவுண்டரில் சொன்னால் கட்டாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நோயாளி கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், அதுவும் சிகிச்சைக்கு முன்பே திட்டத்தின் அனுமதியை மருத்துவமனை வாங்கியிருந்தால் மட்டும். பெருங்குடலில் புற்றுநோய் என்று கேட்ட பதற்றத்தில் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டு, பிறகு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

திட்டம் இவ்வளவுதான்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. தலைக்கு 5 லட்சம் இல்லை, குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து. பெருங்குடலில் ஒரு பகுதியை எடுப்பதும் முழுவதையும் எடுப்பதும் இதில் அடங்கும்.

அட்டை வீட்டில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் கடைசி நேரத்தில் மாட்டுகிறார்கள். நோயாளியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். திருமணமாகி வந்த மருமகள் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்காது, காப்பீட்டிலும் இருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றால் அதைச் சரிசெய்ய ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டும், அங்கே போனால் சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள். வயிற்றில் கட்டியோடு ஒரு மனிதர் வரிசையில் நிற்கிறார் என்பது யாருக்கும் உறைக்காது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் அனைவரின் ஆதார், இவற்றைக் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு நேரே போங்கள். நடுவில் வந்து முடித்துத் தருகிறேன் என்பவருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

அடுத்த பொறி மருத்துவமனைப் பட்டியல். வாசலில் திட்டத்தின் பலகை தொங்கும், ஆனால் அந்த மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்றதாக இருக்கும். "குடல் அறுவை சிகிச்சைக்கு இங்கே அங்கீகாரம் உண்டா" என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள், அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். அனுமதி வந்த பிறகு குடலை இணைக்கும் ஸ்டேப்ளர் கருவிக்குத் தனி, மயக்க மருந்து டாக்டருக்குத் தனி என்று வித்தியாசப் பணம் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். உடனே அதே எண்ணில் புகார் சொல்லுங்கள், கட்டிய பிறகு அல்ல. குடல் அடைத்துக்கொண்டோ ஓட்டை விழுந்தோ வருபவருக்கு அவசர அனுமதி என்று தனி வழி இருக்கிறது. அனுமதி வரவில்லை என்று உயிரோடு விளையாட விடாதீர்கள்.

இனி, யாரும் சொல்லாத பகுதி. ஆபரேஷன் முடிந்ததும் பலருக்குக் குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் திறந்து, மலம் சேர ஒரு பை ஒட்டுவார்கள். சிலருக்கு அது தற்காலிகம், சிலருக்கு ஆயுளுக்கும். வார்டில் இருக்கும்வரை பை கிடைக்கும். வீட்டுக்கு வந்தபின் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பையை மாதக்கணக்கில் நீங்கள்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் தொகுப்புக் கட்டணம், அதாவது ஒரு ஆபரேஷனுக்கு மொத்தமாகத் தரும் தொகை, மருத்துவமனையில் இருக்கும் நாட்களைச் சுற்றித்தான் போடப்பட்டிருக்கிறது. பை வாங்க முடியாமல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு தோல் புண்ணாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை இல்லை: ஆபரேஷனுக்கு லட்சம் கொடுக்கிற அரசு பைக்குக் கணக்குப் பார்க்கிறது. அரசு மருத்துவமனையில் தொடர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பையைக் கேட்டு வாங்குங்கள், இருப்பு இல்லை என்றால் அதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். பையை எப்படி மாற்றுவது என்று நர்ஸ் செய்து காட்ட, நோயாளியோ கூட இருப்பவரோ ஒருமுறை தானே செய்து பார்த்திருக்க வேண்டும். பை சிறுகுடலில் வைத்ததா பெருங்குடலில் வைத்ததா, தற்காலிகமா நிரந்தரமா, இரண்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கட்டும். சிறுகுடல் என்றால் தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும், முதல் சில வாரங்களில் நீர்ச்சத்து வற்றித் திரும்ப அட்மிட் ஆகிறவர்கள் அதிகம். தலைசுற்றலும் சிறுநீர் குறைவதும் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காய்ச்சல், வயிறு வீக்கம், கூடிக்கொண்டே போகும் வலி என்றால் உள்ளே குடலில் தையல் போட்ட இடம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும், அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்பிப் போங்கள். பயாப்சி ரிப்போர்ட் வர நாளாகும், அதை வாங்க மறந்துவிட்டுப் பிறகு கீமோவுக்கான அனுமதிக்கு இல்லாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

தற்காலிகப் பையை எடுத்துக் குடலை மறுபடி இணைக்கும் ஆபரேஷனுக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் அனுமதி அதற்குச் செல்லாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்தால் அங்கேயே நின்றுவிடும்.

பை வைத்தவர்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்கும் என்று சொல்லி அலையவிடுபவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வயிற்றில் பை இருப்பது இல்லை. அதற்காக மருத்துவக் குழு முன் போய் நிற்காதீர்கள். ஆனால் ரயில்வே பை வைத்தவர்களைத் தனி நோயாளிப் பிரிவாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது, சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணம். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்குப் போய்வரும் பயணத்துக்குத் தனிச் சலுகையும் உண்டு. இரண்டுக்கும் ரயில்வே படிவத்தில் மருத்துவமனை டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், டிக்கெட்டைக் கவுண்டரில் எடுக்க வேண்டும். படிவத்தை டிஸ்சார்ஜ் அன்றே நீட்டிவிடுங்கள், அன்று விட்டால் அந்த ஒரு கையெழுத்துக்கு மறுபடி ஓ.பி. வரிசைதான்.