அருகருகே கிடந்தாலும் எலும்பு வேறு, கல் வேறு

காட்டுக்குள் மானெலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. நாலு பாகத் தூரம் தள்ளி விளிம்பு கூரான வெள்ளைக் கல் ஒன்று. ஆதிமனிதர் இறைச்சி அறுத்த இடம் என்று உடனே முடிவு கட்டி, எலும்பைக் கிளறி, கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் படித்தறிய எதுவும் மிஞ்சுவதில்லை. வன்னிக் காட்டில் எலும்பும் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் இரண்டும் ஒரே காலத்தவையாக இருப்பது மிக அரிது.

திறந்த வெளியில் எலும்பு நீடிக்காது. முதல் சில மாதங்கள் நெய்ப்பிசுக்கும் நாற்றமும் இருக்கும். பிறகு வெயிலில் வெளுத்து, நீளவாக்கில் வெடித்து, செதிள் செதிளாக உரிந்து, சில ஆண்டுகளில் கையால் நொறுக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். இலங்கையின் கற்கால மனிதர் தின்ற விலங்குகளின் எலும்புகள் பெரும்பாலும் பாகியன் குகை, பட்டதொம்பலென போன்ற ஈரவலயக் குகைகளிலிருந்துதான் கிடைத்திருக்கின்றன. மழைபடாத குகைமண் அவற்றைக் காத்தது. வன்னியின் செம்மண் வெளியில் அந்தக் காவல் இல்லை. ஆகவே மேற்பரப்பில் கிடக்கும் எலும்பை அண்மைக்காலத்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் அப்படியில்லை. நாட்டின் முக்கியமான மண்படிவு ஒன்றுக்கு 'இரணைமடுப் படிவு' என்றே பெயர். கிளிநொச்சி இரணைமடுதான் அந்தப் பெயரைக் கொடுத்தது. மேலே செம்மணல், அடியில் பருக்கைக்கல் அடுக்கு. அந்த அடியடுக்கில் கற்கருவிகள் வருகின்றன. தென்கரையில் புந்தலப் பகுதியில் இதே வகைப் படிவை ஆய்ந்த தொல்லியலாளர் சிரான் தெரணியகல, ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்தனர் என்று காட்டினார். மறுபக்கம், மன்னார் மாந்தையில் கிடைத்த நுண்கற்கருவி அடுக்கு கி.மு. 1800 அளவினது. இவ்வளவு நீண்ட காலம் கல்லே கத்தியாக இருந்த மண்ணில், ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வயது சொல்ல எவராலும் முடியாது. எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதுதான் வயதைச் சொல்லும். எடுத்த கணத்தில் அது போய்விடுகிறது.

அடர்காட்டில் சருகைக் கிளறுவதால் பயனில்லை. மழை அரித்த ஓடைக்கரை, ஆவணி புரட்டாதியில் வற்றிய குளத்தின் அலைகரை, புதிதாக வெட்டிய வாய்க்காலின் பக்கம், இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது சில்லுகளின் விளிம்பு தெளிவாகத் தெரியும். நுண்கற்கருவிகள் பெரும்பாலும் 4 சென்ரிமீற்றருக்கும் சிறியவை. விரல்நகம் அளவானவையும் உண்டு. பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவம் இருக்கும். கல் வெள்ளைக் குவாட்ஸ், சிலவேளை மழமழப்பான செர்ட்.

பிழை நடப்பது இங்கேதான். மனிதர் தட்டி எடுத்த சில்லில் அடி விழுந்த தட்டையான முனையும், அதன் கீழே மெல்லிய புடைப்பும், அங்கிருந்து பரவும் அலைக்கோடுகளும் இருக்கும். செர்ட்டில் இவை நன்றாகத் தெரியும். குவாட்ஸ் தன் இயல்பான வெடிப்புகளின் வழியே உடையும் கல் என்பதால் அதில் இவை மங்கிவிடும். ஆகவே விளிம்பைப் பாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து, ஒரே அளவில், வரிசையாகச் சிறு பொளிவுகள் ஓடினால் கவனிக்கத்தக்கது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, இரு பக்கமும் உடைந்திருந்தால் மாடு மிதித்ததாகவோ உழவு இயந்திரம் ஏறியதாகவோ இருக்கலாம். நிறமும் உதவும்: பழைய உடைவில் மண்ணின் செங்கறை ஏறி மங்கியிருக்கும், புதிய உடைவு பளீரென்று வெண்மையாக மின்னும். எறிகணை விழுந்த இடங்களிலும் குவாட்ஸ் கூராகச் சிதறும் என்பதை வன்னியில் மறக்கக் கூடாது. தனிக் கல் ஒன்றை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று மீற்றருக்குள் சில்லுகள், அவை உரிக்கப்பட்ட கருக்கல், கழிவுத் துணுக்குகள், முனை அடிபட்ட உருண்டைக் கல் எல்லாம் சேர்ந்து கிடந்தால் அது கருவி செய்த இடமாக இருக்க வாய்ப்புண்டு.

கிறவல் வீதியில் கண்டெடுக்கும் கருவிக்கு இடமதிப்பு இல்லை. கிறவல் எங்கோ அகழ்ந்து, டிப்பரில் ஏற்றி, பல கிலோமீற்றர் தள்ளிக் கொட்டப்பட்டது. கருவிகள் கிடக்கும் அடியடுக்கே பல இடங்களில் வீதிக்குப் போகும் கிறவலாக இருப்பதுதான் மிகுந்த வேதனை. அகழும் குழி உங்கள் ஊரிலிருந்தால், வீதியைவிட அந்தக் குழியின் சுவரைப் படமெடுப்பது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

இனி எலும்பு. பட்டிக்காரருக்கு இதை வாசிக்கத் தெரிவது அவசியம். கன்று செத்தவுடன் பழி சிறுத்தை மேல் விழுகிறது, அடுத்த நாள் நஞ்சு வைக்கப்படுகிறது. சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சடக்கிக் கொல்லும். பல் இறங்கிய துளைகள் குறைவாக, ஆழமாக, ஒரே இடத்தில் இருக்கும். பிறகு மறைவுக்கு இழுத்துப்போகும். இழுத்த தடத்தில் புல் ஒரே திசையில் படிந்திருக்கும். அதன் காற்தடத்தில் நகம் பதியாது. கட்டாக்காலி நாய்கள் கூட்டமாகத் துரத்திப் பின்தொடை, விலா, காது என்று பல இடங்களில் கிழிக்கும்; தடத்தில் நகம் பதியும். கால்நடை வைத்தியர் தொண்டைத்தோலை உரித்துப் பார்த்தால் விடை தெரியும். உயிரோடு இருக்கையில் கடிபட்ட தசையில் இரத்தம் கட்டியிருக்கும், செத்தபின் நரியோ பன்றியோ கடித்ததில் இராது.

எலும்பில் கீறல் கண்டால் உடனே கற்கத்தி என்று எண்ண வேண்டாம். ஓரங்களில் இணையாக, அகலமாக, உளியால் செதுக்கியது போல இருந்தால் முள்ளம்பன்றி. குழிந்த, அடி உருண்ட பள்ளம் என்றால் ஊனுண்ணிப் பல். கிளை பிரிந்து நெளிந்து ஓடினால் வேர். மெல்லிய, ஆழமான, மூட்டருகே இருக்கும் வெட்டு அநேகமாக இக்காலக் கத்தி. அது கள்ள வேட்டைக்குச் சான்று. அதைத் தொடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில், சொல்லுங்கள்.

புதிய இரைக்கு அருகில் நிற்கவே கூடாது. சிறுத்தை அடுத்த இரவும் திரும்பி வரும். பகலில் பக்கத்துப் பற்றைக்குள் படுத்திருக்கலாம். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையைச் சனங்கள் சூழ்ந்ததில் பலர் காயப்பட்டனர், சிறுத்தையும் அடித்துக் கொல்லப்பட்டது. கரடி இன்னும் பொல்லாதது, திடுக்கிட்டால் நேரே முகத்துக்குப் பாயும். பாலைப்பழக் காலத்தில் பாலைமரக் கூடலுக்குள் கதைத்துக்கொண்டே நடவுங்கள்.

விலங்குப் பாதை வழியே இரையைத் தேடிப் போவதில் இன்னொரு ஆபத்து கட்டுத்துவக்கு, அதாவது கட்டிய நூலில் பட்டால் தானே வெடிக்கும் பொறித் துவக்கு. பன்றியின் மார்பு உயரத்துக்கு, அதாவது நம் முழங்காலளவில், பாதைக்குக் குறுக்கே மெல்லிய நூல் கட்டப்பட்டிருக்கும். சருகுநிறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தட்டுப்படாது. நீண்ட மெல்லிய தடியொன்றை முன்னே நீட்டித் தட்டுவது ஆபத்தைக் கூட்டும்; அந்தப் பாதையையே விடுங்கள். பிறேக் கம்பியில் செய்த கண்ணியில் உயிரோடு விலங்கு அகப்பட்டிருந்தால் கிட்டப் போகாதீர்கள்.

மிதிவெடி பற்றிச் சொல்லாமல் வன்னியில் எதையும் தோண்டுவதைப் பற்றி எழுத முடியாது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது பாதுகாப்பு அல்ல. பலகையை யானை சாய்க்கும், வெள்ளம் வெடியையே நகர்த்தும். ஊரார் அன்றாடம் நடக்கும் தடத்தைவிட்டு இறங்காதீர்கள், கம்பியோ மண்வெட்டியோ கொண்டுபோகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் அப்படியே நில்லுங்கள், கூட வந்தவரையும் நிறுத்துங்கள். வந்த அடித்தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதன்மேல் மிதித்துத் திரும்புங்கள். தெரியாவிட்டால் நின்ற இடத்திலிருந்தே உதவிக்கு அழையுங்கள். தனியே போகாதீர்கள், போகும் இடத்தை வீட்டில் சொல்லுங்கள், பிற்பகல் 4 மணிக்குள் வெளியேறுங்கள். ஒதுக்கக் காடுகளுக்கும் 2015இல் அறிவிக்கப்பட்ட மடு வீதி, சுண்டிக்குளம் தேசிய பூங்காக்களுக்கும் அனுமதி வேண்டும்.

கண்டதைப் பதிவுசெய்ய மூன்று படம் போதும்: சுற்றுப்புறம் தெரியத் தூரத்திலிருந்து ஒன்று, ஒரு மீற்றரிலிருந்து ஒன்று, அளவுகோலோடு நெருக்கத்தில் ஒன்று. அளவுகோல் இல்லையென்றால் ஐந்து ரூபாய்க் குற்றி வையுங்கள். வடக்குத் திசை, தேதி, கைபேசி காட்டும் ஜீ.பி.எஸ். எண் ஐந்து தசம இடம் வரை. கல்லைத் திருப்ப வேண்டாம், கழுவவே வேண்டாம். இடக்குறிப்பு இல்லாத படத்தை மட்டும் முகநூலில் போடுங்கள்.

அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். கண்டதை அறிவிக்கப் பலர் தயங்குவதும் தெரியும். தொல்லியல் என்றாலே காணிக்குள் எல்லைக்கல் நட வருவார்கள் என்ற பயம் வன்னியில் காரணமில்லாமல் வரவில்லை. ஆகவே எழுத்தில் அறிவியுங்கள். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் படங்களோடு ஒவ்வொரு கடிதம், பெற்றுக்கொண்டதற்குத் திகதி முத்திரையிட்ட பிரதி உங்கள் கையில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். காணியின் உரிமைப் பத்திர இலக்கத்தையும் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள்.