மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே சிங்கப்பூர்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாடியில் அவர், கீழ்வீட்டில் தம்பி, ஆளுக்கொரு கம்பெனியின் இன்டர்நெட் இணைப்பு. தம்பி கம்ப்யூட்டருக்கு பிங் கொடுத்தால், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப, 80 மில்லிசெகண்ட் ஆகிறதே, ஏன்? ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அந்த 80-க்குள் பாக்கெட் (தகவல் துண்டு) போக வர 16,000 கிலோமீட்டர் வரை ஓடியிருக்கலாம். இரண்டு கம்பெனிகளும் சிங்கப்பூரில்தான் சந்திக்கின்றன என்பது என் கணிப்பு.

கம்பெனிகள் ஊருக்குள்ளேயே சந்திக்கத்தான் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச். நம் நாட்டில் நிக்ஸி என்ற எக்ஸ்சேஞ்ச் 2003-இல் தொடங்கியது. சரி, பல கம்பெனிகள் வந்து கேபிள் செருகும் இடத்தில் நடுவே எதை வைப்பது, வழியைத் தானே தேரும் மூன்றாம் லேயர் ரவுட்டரா, வந்ததை உரியவரிடம் தள்ளிவிட மட்டும் செய்யும் இரண்டாம் லேயர் ஸ்விட்சா? 1991-இல் அமெரிக்காவில் தொடங்கிய சிஐஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் ரவுட்டரை வைத்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வழி வைத்திருந்தாலும் ரவுட்டர் தேர்ந்ததுதான் எல்லாருக்கும். நான் யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அதற்கென்ன தெரியும்? இடம் கொடுத்தவர் என் வழியையும் முடிவு செய்வது எனக்குச் சம்மதமே இல்லை. ஸ்விட்ச், கருவிக்குரிய அடையாள எண்ணான 48 பிட் மேக் முகவரியைப் பார்த்து உரிய போர்ட்டில் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல். 100 பேர் இருந்தால், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் தனித்தனியாக பிஜிபி (ரவுட்டர்கள் தங்கள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் மொழி) பேச 4,950 இணைப்புகள் வேண்டும். இதற்குத்தான் ரவுட் சர்வர், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆளுக்கு ஒரு இணைப்பு போதும், யாரிடம் எந்த வழி இருக்கிறது என்று அது எல்லாருக்கும் சொல்லிவிடும். சொல்லும்போது 'அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும்' என்ற இடத்தில் தன் முகவரியைப் போடாமல், வழி வைத்திருப்பவரின் முகவரியையே விட்டுவைக்கும். உங்கள் ரவுட்டர் உடனே ஸ்விட்ச் முழுக்கக் கேட்கும்படி 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று குரல் கொடுக்கும், உரியவர் தன் மேக் முகவரியைச் சொல்வார், பாக்கெட் நேரே அவரிடம் போய்விடும். ரவுட் சர்வர் வழியாக ஒரு பைட்கூடப் போவதில்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரம் நம்பர் சொல்பவர் நம்மோடு பஸ்ஸில் ஏறுவதில்லையே, அப்படி.

அந்தக் குரல்தான் ஆபத்தும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு, ரவுட்டருக்கு ரவுட்டர் அதிகபட்சம் 255 தாவல், அப்புறம் செத்துவிடும். ஸ்விட்ச் தள்ளிவிடும் ஈதர்நெட் ஃப்ரேமுக்கு (பாக்கெட்டைச் சுமக்கும் உறைக்கு) அது கிடையாது. யாராவது இரண்டு கேபிளைத் தவறாகச் செருகி வளையம் உண்டாக்கினால், ஒரே குரல் பெருகிப் பெருகி நொடிகளில் எல்லார் போர்ட்டையும் அடைத்துவிடும். அதனால்தான் நல்ல எக்ஸ்சேஞ்சில் போர்ட்டுக்கு ஒரே மேக் என்று பூட்டிவிடுகிறார்கள், வளையத்தில் சுற்றி வரும் அடுத்தவர் ஃப்ரேம் அங்கேயே நின்றுவிடும்.

எந்தக் கம்பெனி எந்த எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது என்பதை பியரிங்டிபி தளத்தில் யாரும் பார்க்கலாம். வாசகரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். மாடி கம்பெனி பெங்களூர் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது, கீழ்வீட்டுக் கம்பெனியின் பெயர் அங்கே இல்லை.