படகே வீடாக இருப்பவர்களுக்கு: எச்சரிக்கைக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் நிரந்தரத் துறை (படகைக் கட்டிவைக்கும் சொந்த இடம்) இல்லாமல் படகில் குடியிருப்பவர்களுக்கு வரும் முதல் எச்சரிக்கைக் கடிதம் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: உங்கள் படகு போதிய தூரம் நகரவில்லை. கடிதத்தைக் கண்டதும் சிலர் பயந்து படகை விற்கப் பார்க்கிறார்கள், சிலர் பதிலே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். அதில் எது சட்டம், எது நிர்வாகத்தின் வழிகாட்டுதல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

லண்டன் ஆல்பர்ட்டனில் ஈலிங் சாலைக்குக் கீழே ஓடும் பாடிங்டன் கிளைக் கால்வாயை நம்மவர்கள் நிறையப் பேர் தினமும் கடக்கிறார்கள். அங்கே கட்டியிருக்கும் நேரோபோட்டுகள் எனும் ஒடுங்கிய கால்வாய்ப் படகுகளில் பலவற்றில் குடும்பம் நடக்கிறது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் அப்படி மாற யோசிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் நிர்வகிப்பது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. அதற்கு முன் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ். அங்கே படகு வைத்திருக்கத் தேவையான லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்பதை 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், 17ஆம் பிரிவு சொல்கிறது. படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், காப்பீடு வேண்டும், கூடவே நிரந்தரத் துறை ஒன்று வேண்டும். துறை இல்லையென்றால், படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்துவதாகவும், எந்த ஓரிடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல், அல்லது சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலத்துக்கு மேல், நிறுத்துவதில்லை என்றும் நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படும்படி காட்ட வேண்டும். இந்த இரண்டாவது வழி சும்மா கிடைத்ததல்ல. மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோது படகுவாசிகள் மனுப் போட்டுப் போராடியதால் கிடைத்தது.

இத்தனை மைல் போக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. லைசென்ஸ் காலத்தில் 20 மைலுக்குக் குறைவான எல்லைக்குள்ளேயே சுற்றினால் திருப்திப்படுவது கடினம் என்பது டிரஸ்டின் நிலைப்பாடு. அதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. 2011இல் பிரிஸ்டல் கவுன்டி நீதிமன்றம், குறுகிய தூரத்துக்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பது உண்மையான பயணமாகாது என்று தீர்ப்பளித்தது. மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல என்றாலும், நீதிபதிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை அது காட்டுகிறது. திருப்திப்படுத்தும் பொறுப்பு படகுக்காரர் மேல் இருப்பதால், ஆதாரமும் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

டிரஸ்டின் ஆதாரம் எப்படி உருவாகிறது? ஊழியர்கள் கரைப்பாதையில் நடந்து, படகின் பதிவெண்ணையும் இடத்தையும் கருவியில் பதிகிறார்கள். ஒரு படகு 3ஆம் தேதி ஒரு பாலத்தருகே பதிவாகிறது. 6ஆம் தேதி கிளம்பி எட்டு மைல் போய், 17ஆம் தேதி திரும்புகிறது. 19ஆம் தேதி அதே பாலத்தருகே மறுபடி பதிவாகிறது. ஏட்டில் அது 16 நாள் நகராத படகு. இடையில் போய்வந்ததைக் காட்ட வேண்டியது உங்கள் பயணக் குறிப்பு. தேதி, கிளம்பிய நேரம், பால எண், கடந்த லாக் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவு அமைப்பு), நின்ற இடம் என ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பால எண் பலகை தெரியும்படி படகைப் படமெடுங்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடமும் நேரமும் அழிந்துவிடும், ஆகவே மூலப்படத்தைத் தனியாகச் சேமியுங்கள். டீசல், கேஸ், நிலக்கரி வாங்கிய ரசீதையும் கழிவுத்தொட்டி காலிசெய்த ரசீதையும் எறியாதீர்கள். மூன்றாம் நபர் தந்த காகிதம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

கடிதம் வந்ததும் முதல் வேலை, உங்கள் படகு பற்றிய பதிவுகள் அனைத்தையும் கேட்டு டிரஸ்டுக்குத் தனிநபர் தரவுக் கோரிக்கை (subject access request) அனுப்புவது. கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வந்ததை உங்கள் நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு, தவறுகளை எழுத்தில் சுட்டுங்கள். போனில் பேசினால், பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

எஞ்சின் பழுது, உறைபனி, வெள்ளம், மூடிய லாக், உடல்நலக் குறைவு ஆகியவற்றால் கூடுதல் நாட்கள் நிற்க வேண்டியிருந்தால், 14ஆம் நாளுக்கு முன்பே சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலையும் பள்ளிக்கூடமும் காரணமாக ஏற்கப்படுவதில்லை. குழந்தைகள் உள்ள குடும்பங்களை இது கடுமையாகவே வதைக்கிறது. மாற்றுத்திறன், கர்ப்பம், முதுமை இருந்தால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைச் சுட்டி, குறைந்த தூரமோ கூடுதல் நாட்களோ கேட்கலாம். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. லாக் கதவைத் தள்ள முடியுமா, எத்தனை மணி நேரம் சுக்கான் பிடிக்க முடியும், இந்த நிலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பவை இருக்க வேண்டும்.

லைசென்ஸ் கட்டணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். துறை இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரலில் 5 சதவீதத்தில் தொடங்கி 2028க்குள் 25 சதவீதமாக ஏறும் கூடுதல் கட்டணம் அநியாயம் என்றே கருதுகிறோம். 2009இல் தொடங்கப்பட்ட படகுவாசிகளின் அமைப்பான தேசிய பார்ஜி டிராவலர்ஸ் சங்கமும் அதை எதிர்க்கிறது. ஆனாலும் ஆட்சேபத்தை எழுதிவிட்டுக் கட்டுங்கள். லைசென்ஸ் போனால், சட்டப்படி நிற்கும் படகு என்ற அடிப்படையே போய்விடும்.

17ஆம் பிரிவு நோட்டீஸில் குறையைச் சரிசெய்யக் குறைந்தது 28 நாள் தர வேண்டும். சரிசெய்யாவிட்டால் லைசென்ஸ் முடியும். அதன்பின் 1983ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவில், படகை அகற்ற மேலும் குறைந்தது 28 நாள் நோட்டீஸ். பழைய நண்பர் வீட்டு முகவரிக்குப் போன நோட்டீஸைப் பார்க்காமலே இந்த நாட்கள் கழிந்துவிடுவது உண்டு. முகவரியையும் மின்னஞ்சலையும் இன்றே சரிபாருங்கள். டிரஸ்டுக்குள் இரண்டு கட்டமாகவும் பிறகு வாட்டர்வேஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற வெளிக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம், ஆனால் புகார் நடப்பதால் நோட்டீஸ் கெடு தானாக நிற்காது.

படகு உங்கள் வீடு என்றால், அகற்றுவதற்கு முன் டிரஸ்ட் வழக்கமாக நீதிமன்ற உத்தரவு கேட்கும். சிவில் வழக்கு விதிகளின் பார்ட் 8 முறையில் வழக்கு வந்தால், மனு கிடைத்த 14 நாளுக்குள் ஒப்புகைப் படிவத்தையும், அதோடு சேர்த்தே உங்கள் சாட்சியத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை அன்று நோட்டைக் கையில் கொண்டுபோய் நின்றால் தாமதமாகிவிடும். மனித உரிமைச் சட்டத்தின் 8ஆம் உறுப்பின்படி வீட்டுக்கான மரியாதையையும் வாதமாக வைக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால் சட்ட உதவி கேளுங்கள். சட்ட உதவி பற்றிய 2012 சட்டத்தில் வீடிழப்பு வழக்குகளுக்கு ‘வீடு’ என்பதன் விளக்கத்தில், ஒருவரின் முதன்மை வசிப்பிடமான படகு வீடும் அடங்கும்.

நிலைமை மோசமானால் கவுன்சிலிடமும் போங்கள். படகு இருந்தும் அதை நிறுத்திக் குடியிருக்க அனுமதியுள்ள இடம் இல்லையென்றால், இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி நீங்கள் வீடற்றவர். அங்கே 56 நாட்களுக்குள் அந்த நிலை வரக்கூடும் என்றாலே கவுன்சிலின் கடமை தொடங்கிவிடும். கடந்த 12 மாதத்தில் 6 மாதம் எந்தக் கவுன்சில் எல்லைக்குள் இருந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் அந்தப் பயண நோட்டையே கொடுங்கள்.