பிராசஸர் ஏன் சும்மா இருந்தது?

“மாமா, இந்த லேப்டாப் தாங்காது. ஐ7 பிராசஸர் உள்ளதா வாங்கியே ஆகணும்” என்றான் அக்கா மகன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக நியூயார்க் நகரத்து மஞ்சள் டாக்ஸிகளின் 2015 ஜனவரி மாதப் பயணப் பதிவை இறக்கி வைத்திருந்தான். தரவு அலசல் படிக்கிறவர்கள் பலரும் கைவைத்துப் பார்க்கிற கோப்புதான் அது. ஒரே மாதத்தில் சுமார் 1.27 கோடி பயணங்கள், 19 பத்திகள் (அட்டவணையின் நெடுக்கு வரிசைகள்), சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாக ஏறக்குறைய 2 ஜிபி. பைத்தானில் அதைத் திறந்து, ஏறிய நேரப்படி வரிசைப்படுத்தச் சொன்னதும் மெஷின் உறைந்துவிட்டது. மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது. பாட்டு நின்றுபோனது.

எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். அது திறக்கவே முக்கால் நிமிடம் ஆயிற்று. மெமரி 97 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். பிராசஸர் 6 சதவீதம்.

அந்த 6-ஐக் கவனியுங்கள். வேகமான பிராசஸர் வேண்டும் என்று அவன் கேட்கிறான். இருக்கிற பிராசஸரோ வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அது எதற்காகக் காத்திருந்தது என்று புரிந்துவிட்டால், ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய்க்குள் லேப்டாப் தேடும்போது காசை எதில் போடுவது என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

பிராசஸர் கணக்குப் போட வேண்டுமானால் எண்கள் அதன் கைக்கு வந்து சேர வேண்டும். மிக அருகில், சில்லுக்குள்ளேயே, கேஷ் என்ற சின்ன இடம் இருக்கிறது. அதன் உள்ளடுக்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஒரு நானோவினாடி. அங்கே இல்லையென்றால் ரேமுக்குப் போக வேண்டும், டாஸ்க் மேனேஜர் மெமரி என்று காட்டுவது இதைத்தான். சுமார் 100 நானோவினாடி. அங்கும் இல்லையென்றால் எஸ்எஸ்டி, கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்று வருவது. அது 50 முதல் 100 மைக்ரோவினாடி. இந்த அளவுகள் நம் மனதில் நிற்காது. ஒரு நானோவினாடியை ஒரு வினாடியாக நீட்டிப் பார்க்கலாம். கேஷில் இருக்கும் எண் ஒரு வினாடியில் கைக்கு வரும். ரேமில் இருப்பது ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். எஸ்எஸ்டியில் இருப்பது வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு மாதம்.

ரேம் நிரம்பும்போது விண்டோஸ் நிரலைக் கொன்றுவிடுவதில்லை. ரேமில் இருப்பதை 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, இப்போதைக்குத் தேவைப்படாது என்று தோன்றுகிறவற்றை எஸ்எஸ்டியில் ஒரு கோப்புக்குத் தள்ளிவிட்டு இடம் உண்டாக்குகிறது. தள்ளிய துண்டு மறுபடி தேவைப்பட்டால் வேறொன்றைத் தள்ளிவிட்டு இதைக் கொண்டுவரும். பழைய உலாவித் தாவல் ஒன்றை இப்படி ஒதுக்கி வைத்தால் நமக்குத் தெரியவே தெரியாது. வரிசைப்படுத்தும் வேலையோ கோப்பின் எல்லா மூலைகளையும் மாறி மாறித் தொடும். இப்போது தள்ளிய துண்டுதான் அடுத்த நொடி வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிராசஸர் அந்த ஒரு ‘நாள்’ காத்திருக்கிறது. டிஸ்க் 100, பிராசஸர் 6 என்று திரை காட்டியது இதைத்தான்.

சரி, 2 ஜிபி கோப்பு 8 ஜிபி ரேமை எப்படி நிரப்பியது? இந்தக் கேள்வியை அவனும் கேட்டான், நல்ல கேள்வி. பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாள அவன் பயன்படுத்தியது பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு. அது முழுக் கோப்பையும் ரேமில் ஏற்றிவிடும். எண் பத்தி ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்புக்கு 8 பைட்; 1.27 கோடி வரிக்கு ஒரு பத்தி சுமார் 100 எம்பி. எண் பத்திகள் 16, ஆக 1.6 ஜிபி. இதுவரை நியாயம். ஏறிய நேரம், இறங்கிய நேரம் என்ற இரண்டு பத்திகளில்தான் வினையே. அவற்றை நேரம் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால், பாண்டாஸ் 19 எழுத்துகள் கொண்ட வெறும் சொற்களாக எடுத்துக்கொள்ளும். பாண்டாஸின் பழைய வழக்கப்படி அப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லும் தனித்தனி பைத்தான் பொருள். எழுத்துகளோடு சொல்லின் நீளம், வகை போன்ற குறிப்புகளும் சேர்ந்து 70 பைட்டை ஒட்டி வரும். அது இருக்குமிடத்தைச் சுட்டும் முகவரிக்கு இன்னொரு 8 பைட். இரண்டு பத்திகளுக்கு மட்டும் 2 ஜிபியை நெருங்கிவிட்டது. மொத்தம் மூன்றரை ஜிபி. வரிசைப்படுத்தினால் புதுப் பிரதி ஒன்று உருவாகும்; சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எண்களும் முகவரிகளும் பிரதியாகும், அது இன்னொரு 2 ஜிபியை ஒட்டி. விண்டோஸும் உலாவியும் ஏற்கெனவே நாலு ஜிபியைப் பிடித்திருந்தன. எங்கே போவது?

பாண்டாஸை 2008-இல் எழுதத் தொடங்கிய வெஸ் மெக்கின்னி, தரவின் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு ரேம் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2017-இல் எழுதினார். அவர் கணக்குப் போடாமல் அப்படிச் சொல்லவில்லை என்பது இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

அதனால் என் கருத்து இது: இந்த வேலைக்கு 8 ஜிபி லேப்டாப் வாங்காதீர்கள். 16 தான் ஆரம்பம். நிரல் எழுதுவது மட்டும்தான் வேலை என்றாலும் இதேதான். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல் என்ற வசதி ஒன்றே, இருக்கிற ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளக்கூடியது. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிவிட்டதால் இது கசக்கத்தான் செய்யும். அப்படியும் வேறெதிலாவது குறைத்துக்கொண்டு இதை வாங்குங்கள்.

ரேமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்க வேண்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். எங்கள் பையனுடையது அந்த ரகம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்புச் சதுரங்கள் நாலு, பச்சைப் பலகையோடு ஒட்டிக்கிடந்தன. காலி ஸ்லாட் இல்லை. “இதுல ஒண்ணும் பண்ண முடியாது தம்பி” என்று மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டார். இன்னொன்று: 16 ஜிபி ஒரே குச்சியாக (ஸ்லாட்டில் செருகும் ரேம் பலகையாக) இருப்பதைவிட இரண்டு எட்டாக இருப்பது நல்லது. டிடிஆர்4-3200 என்ற வகை ரேம் குச்சி ஒன்றின் வழியாக வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி பாயும். இரண்டு குச்சி இரண்டு வழியில் இருந்தால் 51.2. தண்ணீர் ஒன்றுதான், குழாய் இரண்டு.

இப்போது பிராசஸருக்கு வரலாம். ஐ5, ஐ7 என்ற பெயர்களைவிட எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து அதிகம் சொல்கிறது. இன்டெலின் ஐ7-1255யு, ஐ5-12500ஹெச் இரண்டும் 2022-இல் வந்தவை. கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி. முதலாவதில் பெரிய கோர் 2, சின்ன கோர் 8. அடிப்படை மின்சக்தி 15 வாட். இரண்டாவதில் பெரிய கோர் 4, சின்ன கோர் 8, 45 வாட். நீண்ட நேரக் கணக்குக்கு இந்த ‘சின்ன’ ஐ5 அந்த ஐ7-ஐ முந்தும். அட்டையில் 7 என்று பார்த்ததும் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்புதான். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு-வில் அது 2, அதாவது 2019-இல் வந்த சென் 2 வடிவமைப்பு, 4 கோர். 7540யு-வில் அது 4, சென் 4 வடிவமைப்பு, 6 கோர். இரண்டுக்கும் பெயர் ரைசன் 5 தான்! பிந்தைய வரிசைகள் பலவற்றில் பெயரிடும் முறையை மாற்றிவிட்டார்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

வாட் கூடினால் சூடும் கூடும். அந்தச் சூட்டை விசிறி வெளியேற்றாவிட்டால், சில்லு 100 டிகிரியை ஒட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் அரை நிமிடம் பறந்த மெஷின் பிறகு நடக்கும். லேப்டாப்கள் பெரும்பாலும் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே மெல்லியதாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். கொஞ்சம் தடிமனாக, பின்பக்கம் காற்றுத் துளைகள் அகலமாக உள்ளதை எடுங்கள். படுக்கையில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் எதுவும் உதவாது.

தனி கிராபிக்ஸ் கார்டு? அட்டவணைத் தரவுக்குத் தேவையில்லை. ஆழ்கற்றல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்குக் கூகுள் கொலாப் போன்ற இடங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. திரை 16-க்கு 10 விகிதத்தில் இருந்தால் நிரல் வரிகள் சில கூடுதலாகத் தெரியும், அது நல்லது.

கடைசியில் அவனுக்கு வாங்கியது ஹெச் ரக ஐ5, 8 ஜிபி குச்சி இரண்டு. அதே டாக்ஸிக் கோப்பு. இந்த முறை நேரப் பத்திகளை நேரம் என்றே சொல்லி ஏற்றினான். ஒரு மதிப்புக்கு 8 பைட் போதும் என்றாகிவிட்டது. வரிசைப்படுத்தி முடிந்தது. ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் கிட்டத்தட்ட பூஜ்யம், பிராசஸர் 8 சதவீதம்.

“மாமா, இப்பவும் சும்மாதானே இருக்கு?”

இல்லை. அந்த மெஷினில் ஒரே நேரத்தில் 16 வேலை இழைகள், அதாவது அடுத்தடுத்துச் செய்யும் கட்டளைத் தொடர்கள், ஓட முடியும். பாண்டாஸ் பெரும்பாலும் ஒரே இழையில்தான் ஓடும். பதினாறில் ஒரு பங்கு 6 சதவீதம், மீதி விண்டோஸின் சில்லறை வேலை. ஒரு கோர் முழுமூச்சாக உழைக்கிறது, மற்றவற்றுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. இதையே போலார்ஸ் என்ற இன்னொரு நிரல் தொகுப்பில் எழுதிப் பார்க்கச் சொன்னேன், அது வேலையை எல்லாக் கோர்களுக்கும் பிரித்துத் தரும். எழுதி ஓட்டினான். டாஸ்க் மேனேஜரில் இழைக்கொன்றாக இருந்த வரைகோடுகள் பதினாறும் ஒன்றாக மேலே எழும்பின. அந்த லேப்டாப்பின் விசிறிச் சத்தத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம்.