ஊர் தேறிவிட்டது, ஆட்கள்?

ஒரு பெரிய ஆலை மூடப்படுகிறது, ஐயாயிரம் பேருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடம் கழித்துக் கணக்கெடுத்தால், அந்த ஊரில் வேலை இல்லாதவர்களின் விகிதம் மற்ற ஊர்களைப் போலவே இருக்கிறது. ஊர் சமாளித்துக்கொண்டது என்று பொருளியலாளர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். சரி, அந்த ஐயாயிரம் பேர் எங்கே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் 'ஊர்' என்று இங்கே எதைச் சொல்கிறோம்? நிர்வாக எல்லையை அல்ல. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்பக்கூடிய வட்டாரம்தான் ஒரு தொழிலாளர் சந்தை. அமெரிக்காவின் பெருநிலப்பரப்பை ஆய்வாளர்கள் இப்படி 722 வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பாடப்புத்தகக் கணக்கு எளிது. வேலை குறைந்தால் கூலி இறங்கும். கூலி மலிவு என்று புதிய தொழில்கள் வரும். இன்னொரு பக்கம், ஆட்கள் வேலை உள்ள இடம் தேடிக் கிளம்புவார்கள். 1992இல் ஒலிவியே பிளாஞ்சார்ட், லாரன்ஸ் காட்ஸ் இருவரும் அமெரிக்க மாநிலங்களின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, அடிபட்ட மாநிலத்தில் வேலையின்மை சில ஆண்டுகளிலேயே பழைய நிலைக்கு வந்துவிடுவது தெரிந்தது. போன வேலைகள் திரும்பி வந்ததால் அல்ல. ஆட்கள் வெளியேறியதால்.

இந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது சீன இறக்குமதி. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அறைகலன், துணி, பொம்மை செய்துகொண்டிருந்த அமெரிக்க வட்டாரங்களில் ஆலைகள் வரிசையாக மூடின. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அடி வாங்கிய வட்டாரங்களில் வேலை குறைந்தது, கூலி குறைந்தது, அரசு உதவித்தொகை வாங்குவோர் கூடினார்கள். ஆனால் மக்கள்தொகையில் பெரிய மாற்றமே தெரியவில்லை. கிளம்பியிருக்க வேண்டியவர்கள் கிளம்பவில்லை.

ஏன்? பந்தபாசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது வீடு. ஆலை மூடலாம், வீடு அப்படியே நிற்கும். வேலை போன ஊரில் வீட்டு விலையும் வாடகையும் சரிகின்றன. எட்வர்ட் கிளேசரும் ஜோசப் கியோர்கோவும் 2005இல் இதை விளக்கினார்கள்: நகரம் வளர்வது வேகமாக, தேய்வது மெதுவாக. சொந்த வீடு வைத்திருப்பவர் சரிந்த விலைக்கு அதை விற்றுவிட்டுப் போய், செழிப்பான நகரத்தில் ஒரு அறைகூட வாங்க முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கோ, கூலி குறைந்தாலும் வாடகையும் குறைந்துவிட்டதால் தங்குவதுதான் லாபம். மலிவான வீடு ஆட்களைப் பிடித்து வைக்கும் பசைபோல வேலை செய்கிறது.

தங்குகிறவர் என்ன வேலை பார்ப்பார்? ஒரே ஆலையில் பல வருடம் இருந்தவரின் சம்பளத்தில் ஒரு பகுதி, அந்த இயந்திரத்தையும் அந்த ஆட்களையும் அவர் அறிந்திருப்பதற்கான விலை. ஆலை போனால் அந்த அறிவுக்கு மதிப்பில்லை. பென்சில்வேனியாவில் ஆட்குறைப்பில் வேலை இழந்த நீண்டகாலத் தொழிலாளர்களை 1993இல் வெளியான ஓர் ஆய்வு தொடர்ந்து கவனித்தது. ஐந்தாறு வருடம் கழித்தும், வேலை இழக்காமலிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய வருமானத்தில் சுமார் 25 சதவீதம் குறைவாகவே சம்பாதித்தார்கள்.

போதாததற்கு, ஆலைச் சம்பளம் ஆலையோடு நிற்பதில்லை; முடிதிருத்தகத்துக்கும் உணவகத்துக்கும் போகிறது. ஒரு நகரத்தில் கூடும் ஒவ்வொரு உற்பத்தித்துறை வேலையும் அங்கே 1.6 உள்ளூர்ச் சேவை வேலைகளை உண்டாக்குகிறது என்று என்ரிகோ மொரெட்டி கணித்தார். சங்கிலி எதிர்த்திசையிலும் இழுக்கும். பிரேசில் 1990களின் தொடக்கத்தில் இறக்குமதி வரிகளைக் குறைத்தபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளின் வருமான இழப்பு காலப்போக்கில் ஆறவில்லை. பத்து வருடத்தில் இருந்ததைவிட இருபது வருடத்தில் பெரிதாகியிருந்தது.

இந்த இடத்தில் புள்ளிவிவரத்தை நம்பி ஏமாறக்கூடாது. வேலை தேடுகிறவர் மட்டும்தான் கணக்கில் வேலையில்லாதவர். தேடுவதை விட்டவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பிரிட்டனில் 1980களில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, சுரங்க வட்டாரங்களின் வேலையின்மைப் பதிவு எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. ஏராளமான ஆண்கள் உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகைக்கு மாறிப்போயிருந்தார்கள்.

அப்படியென்றால் ஊர்கள் தேறுவதே இல்லையா? தேறுகின்றன. ஆனால் வேறு ஆட்களைக் கொண்டு. ஆட்டர் குழுவினர் பிறகு ஊர்களைத் தனியாகவும் அங்கிருந்த தொழிலாளர்களைத் தனியாகவும் பின்தொடர்ந்தார்கள். 2010க்குப் பிறகு அடிபட்ட வட்டாரங்களில் வேலை எண்ணிக்கை மீண்டிருந்தது. அந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வேலைக்கு வந்த இளைஞர்கள், வெளிநாட்டில் பிறந்தவர்கள், பெண்கள். வேலையும் பெரும்பாலும் சேவைத் துறையில். பழைய ஆலைத் தொழிலாளர்கள் அந்தப் புதிய வேலைகளுக்கு அவ்வளவாக மாறவில்லை.

இது சீனாவோடு வந்த புதுப் பழக்கமும் இல்லை. 1920 முதல் 1940 வரை அமெரிக்க நகரங்களில் தானியங்கி டெலிபோன் இணைப்பகங்கள் வந்தபோது, ஆபரேட்டர்களாக இருந்த பெண்களில் பலர் பத்து வருடம் கழித்து வேலையிலேயே இல்லை, அல்லது சம்பளம் குறைந்த வேலையில் இருந்தார்கள். ஆனால் அடுத்துப் படித்து வந்த இளம்பெண்களுக்குப் பாதிப்பே தெரியவில்லை. அவர்கள் தட்டச்சுக்கும் அலுவலக வேலைக்கும் உணவகங்களுக்கும் போய்விட்டார்கள். ஊரின் தொழில் முகம் மாறுவது பெரும்பாலும் ஒருவர் வேலை மாறுவதால் அல்ல, ஒருவர் ஓய்வுபெற்று இன்னொருவர் நுழைவதால். அதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. 'மறுபயிற்சி கொடுத்தால் போதும்' என்று மேடையில் சுலபமாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

அதற்காக மாற்றம் எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியின் ரூர் பகுதியிலுள்ள போஹும் நகரத்தில் இதை ஒரே மனையில் பார்க்கலாம். அங்கே நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் 1962இல் ஓப்பல் கார் ஆலை எழுந்தது. சுரங்கத்திலிருந்து பலர் நேராக அந்த ஆலைக்குப் போனார்கள். ஷிப்டு வேலை, கை உழைப்பு, தொழிற்சங்கம் எல்லாம் பழகியவை. ஆலை 2014 டிசம்பரில் மூடப்பட்டது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அந்த இடத்தில் இப்போது பார்சல் பிரிக்கும் மையமும் மென்பொருள் நிறுவனங்களும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. கார் பாகங்களைப் பொருத்திய ஐம்பது வயதுக்காரருக்குப் பார்சல் மையம் எட்டும் தூரம், சம்பளம்தான் குறைவு. ஆய்வுக்கூடத்துக்கு அவருடைய பேத்தி போகலாம்.