போட்ட செல் முளைத்திருக்கிறதா என்று எம்ஆர்ஐ-யில் தெரியாது

போன வாரமும் ஒருவர் வந்தார். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறியவர் விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தது அவருடைய அண்ணன். நிலத்தை அடமானம் வைத்து வெளியூரில் எங்கோ ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தால் செல் வளர்வது தெரியும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "போட்ட செல்லு முளைச்சிருக்குதுங்களா சார், பாத்துச் சொல்லுங்க" என்றார் அண்ணன். எம்ஆர்ஐ படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான என்னிடம் இதே கேள்வியோடு இந்த வருடம் வந்த நான்காவது குடும்பம் இது.

தெரியாதுங்க. சேலத்தில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும், காந்த பலம் 1.5 டெஸ்லா உள்ள மெஷினோ 3 டெஸ்லாவோ, தெரியாது. ஒரு மில்லிமீட்டர் நீள அகல உயரமுள்ள துளி இடத்தில் லட்சக்கணக்கான செல்கள் இருக்கின்றன, படத்தில் அத்தனையும் சேர்ந்து ஒரே புள்ளி. அதில் எது உங்கள் சொந்த செல், எது ஊசியில் போனது, எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று எப்படிப் பிரித்துச் சொல்வேன்? வீக்கம் வற்றியிருக்கிறதா, தண்டுவடத்துக்குள் நீர் கோத்திருக்கிறதா, எலும்பு அழுத்துகிறதா என்று கேளுங்கள், சொல்கிறேன். செல் முளைத்திருக்கிறது என்று யாராவது ரிப்போர்ட்டில் எழுதித் தந்திருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அண்ணன் விடவில்லை. எம்ஆர்ஐ-யில் ஜீனையே பார்க்கிறார்கள் என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அந்த ஆராய்ச்சி உண்மைதான், தான் இருக்கும் செல்லைப் படத்தில் காட்டிக்கொடுக்கும் அந்த ஜீனுக்கு ரிப்போர்ட்டர் ஜீன் என்று பெயர். கல்லீரலுக்கு நாங்கள் காடாக்ஸெட்டேட் என்று ஒரு காண்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் பளிச்சென்று தெரியவைக்கும் மருந்து) போடுகிறோம். இருபது நிமிடத்தில் கல்லீரல் வெளுத்துத் தெரியும், ஏனென்றால் கல்லீரல் செல்லின் மேலிருக்கும் ஒரு புரதம் அந்த மருந்தை உள்ளே இழுக்கிறது. அந்தப் புரதத்துக்கான ஜீனை வேறொரு செல்லுக்குள் வைத்தால் அதுவும் மருந்தை இழுத்து வெளுக்கும். இரும்பைச் சேர்த்து வைக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் ஜீனை வைத்தால் செல் கறுத்துத் தெரியும். 2000-இல் தவளைக் கருவில் வேறொரு ஜீனை வைத்தும், 2005-இல் எலி மூளையில் ஃபெரிட்டின் ஜீனை வைத்தும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஜீனை முதலில் செல்லுக்குள் வைத்த பிறகுதான் படத்தில் தேட முடியும். உங்களுக்கு ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் அப்படி ஜீனை வைத்தார்களா? வைக்காத ஜீனை எந்த மெஷின் காட்டும்?

என்னை அதிகம் கோபப்படுத்துவது இன்னொன்று. செல்லில் இரும்புத் துகளை ஏற்றி ஊசி போட்டுவிட்டு, படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தைக் காட்டி "செல் உயிரோடு இருக்கிறது" என்பது. கறுப்பு என்றால் அங்கே இரும்பு இருக்கிறது, அவ்வளவுதான். செல் செத்தாலும் இரும்பு போகாது. செத்த செல்லைத் தின்னும் நம் உடம்பின் துப்புரவு செல்கள் அந்த இரும்பையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும், படத்தில் அதே கறுப்பு. பழைய ரத்தக் கசிவும் கறுப்புதான், விழுந்து அடிபட்ட தண்டுவடத்தில் அது இருக்கத்தானே செய்யும்! செல் உயிரோடு பெருகினாலோ, ஏற்றிய துகள் பாதி பாதியாகப் பிரிந்து கறுப்பு மங்கும். ஆக, செத்தது தெரியும், பெருகுவது மறையும். இந்தத் தொல்லையால்தான் ரிப்போர்ட்டர் ஜீனையே தேடிப் போனார்கள். ஜீன் செல்லோடு சேர்ந்து பெருகும், செல் செத்தால் புரதம் உண்டாவதும் நின்றுவிடும். அதிலும் ஃபெரிட்டின் சேர்த்த இரும்பு உடனே கலையாது, அந்தச் சிக்கல் இன்னும் இருக்கிறது.

இரும்பு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லேத், கிரைண்டிங் வேலை செய்கிறவர்கள் எம்ஆர்ஐ-க்கு வந்தால், எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காந்தம் அதை அசைத்தால் பார்வை போகும். கொலுசையும் கழற்றிவிட்டு வாருங்கள், எத்தனை தடவைதான் சொல்வது.

ஊசிக்குப் பணம் கட்டும் முன் கேளுங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்ற ஒப்புதல் பெற்ற சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் சிடிஆர்ஐ (மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் இருக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும். நோயாளியிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். செல்லுக்குள் வேறு ஜீன் எதையாவது வைக்கிறார்களா என்றும் கேளுங்கள், அது வெறும் படம் எடுப்பதற்காகவே என்றாலும் சரி. செல்லின் டிஎன்ஏ-வில் அந்த ஜீன் நுழைந்த இடத்தைப் பொறுத்து அது செல்லின் போக்கையே மாற்றலாம்.

அன்றைக்கு அவருக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தால் இடது குதிகாலில் படுக்கைப்புண், காசு அகலத்துக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. ஸ்கேனுக்கென்று கொண்டுவந்த பணத்தோடு அப்படியே சர்ஜரி வார்டுக்கு அனுப்பி வைத்தேன்.