கற்பூரவல்லித் தண்ணீரில் எண்ணெய் எங்கே போகிறது?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதைத் தொட்டிகளில் துளசிக்குப் பக்கத்தில் கற்பூரவல்லியும் நிற்கும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் நாலு இலையைக் கிள்ளிப் போட்டு, தண்ணீர் பாதியாகும்வரை சுண்டக் காய்ச்சிக் கொடுப்போம். இப்படிச் சுண்டவிடும்போதுதான் இலையின் முக்கியமான சரக்கு ஆவியோடு போய்விடுகிறது.

இலையின் மேல் மெத்தென்று படர்ந்திருக்கும் முடிகளுக்கிடையே எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கசக்கியதும் மூக்கில் ஏறும் மணம் அந்த எண்ணெயுடையது. அதில் பெரும்பாலும் கார்வக்ரால் என்ற வேதிப்பொருள் மேலோங்கியிருக்கும். சில செடிகளில் அதன் நெருங்கிய உறவான தைமால். ஓமத்தின் மணத்துக்கும் தைமால்தான் காரணம் என்பதால் ஓமவல்லி என்ற பெயர் இதற்குப் பொருத்தமே. இரண்டையும் செடி காமா-டெர்பினீன் என்ற மூலப்பொருளிலிருந்து உருவாக்குகிறது. செடியின் வகை, இலையின் முதிர்ச்சி, வெயில் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். ஆகவே, ‘கற்பூரவல்லியில் இத்தனை விழுக்காடு கார்வக்ரால்’ என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கார்வக்ராலும் தைமாலும் பீனால் என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. பாக்டீரியாவின் செல்சவ்வுக்குள் நுழைந்து அதைத் தளர்த்திவிடும். உள்ளிருக்கும் பொட்டாசியம் கசியும், ஆற்றல் உற்பத்தி குலையும், செல் சாகும். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் கிருமிகளிடம் இது எளிதில் பலிக்கும். கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உள்ள கிராம்-நெகட்டிவ் வகையில், குறிப்பாக சூடோமோனாஸிடம், அவ்வளவாகப் பலிப்பதில்லை.

ஆய்வுக்கூடத் தட்டில், எண்ணெயில் நனைத்த வட்டக் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் தெளிந்த வளையத்தைக் காட்டி ‘ஆன்டிபயாட்டிக்குக்கு இணை’ என்று சொல்வது பெரும் பிழை. எண்ணெய் நீரில் சரியாகக் கரையாது, தட்டில் கிருமி வளர்க்கும் அகார் கூழில் மெல்லத்தான் பரவும், ஆவியாகவும் செய்யும். வளையத்தின் அகலத்தை வைத்து இரண்டு பொருள்களின் வீரியத்தை ஒப்பிட முடியாது. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைத்தான் பார்க்க வேண்டும். தட்டில் இடுவது பிரித்தெடுத்த எண்ணெய் அல்லது செறிந்த சாரம்; தம்ளரில் இருப்பது நாலு இலை ஊறிய தண்ணீர். குடித்த தைமாலையும் உடல் விரைவாக வேறு வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். மேலும், சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். அதனால் தொண்டைக்கு இதமாகக் குடியுங்கள். மருத்துவர் தந்த ஆன்டிபயாட்டிக்கை இதற்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

நான்கு இலையை ஓடும் தண்ணீரில் லேசாக அலசுங்கள். தேய்த்தால் சுரப்பிகள் உடைந்து எண்ணெய் வீணாகும். 200 மில்லி தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு இலையைக் கிழித்துப் போட்டு உடனே மூடுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். மூடியின் அடியில் கோத்திருக்கும் துளிகளையும் பாத்திரத்திலேயே தட்டிவிடுங்கள், எண்ணெயின் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. சுண்டக் காய்ச்சியதில் ஒன்றுமே மிஞ்சாது என்றும் சொல்லிவிட முடியாது. நீரில் கரையும் ரோஸ்மரினிக் அமிலம் போன்றவை இருக்கும், மணம்தான் இராது. பிழிந்த சாற்றை எடுத்துவைக்காமல் அன்றன்றைக்குப் பிழிவதே நல்லது.

கைக்குழந்தையின் மூக்கில் சாற்றை விடவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பீனால்கள் உள்தோலை எரிக்கும். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கலந்து கொடுப்பதும் ஆபத்து, போட்டுலிசம் என்ற கிருமிநச்சு நோய் வரலாம். பிள்ளைகளை வெந்நீர்ப் பாத்திரத்தின் முன் உட்காரவைத்து ஆவி பிடிக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் தொடை வெந்துவிடும்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தாலோ, வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் தென்பட்டாலோ கஷாயத்தோடு காத்திருக்காதீர்கள். டெங்கியாக இருக்கலாம், மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொட்டியின் அடித்தட்டையும் பாருங்கள். அதில் தண்ணீர் தேங்கினால் ஈரமான ஓரத்தில், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்; கற்பூரவல்லிக்கும் வேர் அழுகும். தட்டை எடுத்துவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.